உருளைக்கிழங்கு ஜேர்மானியரைத் தேடி

ஹேர்னிங் நகரிலிருந்து வீபோர்க் போகும் வழியில், காரூப் விமானத் தளத்துக்கு அப்பால், பிரடெறிக்ஸ் என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. வேலைக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் கோயில் திருவிழாவுக்குமாக எம்மவர்கள் அந்தப் பக்கத்தால் எத்தனையோ தடவை போய் வந்திருப்பார்கள். இறங்கிப் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். அங்கேயுள்ள தேவாலயம் 1766ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் மயானத்துக் கல்லறைக் கற்களை வாசித்துக்கொண்டு போனால் ஹான்சன், நீல்சன், ஜென்சன் என்ற வழக்கமான பெயர்களுக்கு நடுவே பிட்ஷ், டூர், கிறீக்பவும், அக்றிகோலா என்று வேறு விதமான பெயர்களும் வரும். இவை டெனிஷ் பெயர்கள் அல்ல, ஜேர்மன் பெயர்கள். 260 ஆண்டுகளுக்கு முன்னர் இந்தக் காட்டுத்தரையில் கொண்டுவந்து இருத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுடைய பேரப்பிள்ளைகள் அங்கே உறங்குகிறார்கள்.

டெனிஷ்காரர் இவர்களைக் 'கார்ட்டொஃபல்டூஸ்கர' என்பார்கள். உருளைக்கிழங்கு ஜேர்மானியர் என்று பொருள். தொடக்கத்தில் அது கேலிப் பெயர். இன்று அந்தப் பெயரைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் யூலன்டில் ஏராளம். தமது மூதாதையர் எந்தக் கிராமத்திலிருந்து, எந்த ஆண்டு, எத்தனை பிள்ளைகளோடு வந்தார்கள் என்பதை அவர்களில் பலர் காகிதத்தில் வைத்துக் காட்டுவார்கள். எங்களில் பலருக்கு எமது பாட்டனுக்குப் பாட்டனின் பெயரே தெரியாது. 260 வருடக் கதையை இவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற ஆவல்தான் எம்மை இந்தக் கட்டுரைக்கு இழுத்து வந்தது.

அழைத்தவர் மன்னர்

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நடு யூலன்டின் பெரும்பகுதி ஹெட எனப்படும் தரிசு நிலமாகக் கிடந்தது. மேலே ஹேதர் பற்றை, கீழே மணல், அதற்கும் கீழே மண்வெட்டி இறங்காத ஓர் இறுகிய படை. ஆடு மேய்க்கலாம், பயிர் செய்வது கடினம். ஐந்தாம் பிரடெறிக் மன்னரின் அரசு அந்த நிலத்தில் ஆட்களை இருத்தி வரி எடுக்க விரும்பியது. ஆனால் டெனிஷ் விவசாயிகளைக் கொண்டுபோய் இருத்துவது இலகுவாக இருக்கவில்லை. 1733 முதல் 1788 வரை நடைமுறையில் இருந்த ஸ்டவ்ன்ஸ்போன் என்ற சட்டப்படி விவசாய ஆண்கள் தாம் பிறந்த பண்ணை எல்லையை விட்டு நகர முடியாது. சொந்த நாட்டு விவசாயியைக் கட்டிவைத்துவிட்டு வெளிநாட்டு விவசாயியைத் தேடிப் போன கதை இது.

அக்காலத்தில் ஜேர்மன் நாடுகளில் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது (1756 - 1763). பல்ஸ், ஹெசன், வூர்ட்டம்பேர்க் பகுதிகளில் தகப்பனின் நிலத்தைப் பிள்ளைகள் பிரித்துப் பிரித்து, கடைசியில் ஒரு குடும்பம் சீவிக்கப் போதாத துண்டுகளே மிஞ்சியிருந்தன. பிராங்க்பேர்ட் நகரிலிருந்த டென்மார்க் அரசின் பிரதிநிதி யொகான் பிரீட்ரிஹ் மோரிட்ஸ் அங்கே ஆட்களைச் சேர்த்தார். பயணச் செலவு, இருக்க வீடு, உழ எருது, பல ஆண்டு வரிவிலக்கு, படைச் சேவையிலிருந்து விடுதலை, தமது மதத்தைப் பின்பற்றும் உரிமை என்று வாக்குறுதிகள் கொடுக்கப்பட்டன. 1759 இறுதியிலிருந்து குடும்பங்கள் வரத் தொடங்கின. யூலன்டுக்கு இருநூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வந்தன. தெற்கே ஸ்லெஸ்விக் பகுதித் தரிசுகளுக்கு இன்னும் பெருந்தொகையானோர் போனார்கள்.

வந்து பார்த்தால் வீடுகள் கட்டி முடியவில்லை. அயலிலுள்ள டெனிஷ் விவசாயிகளின் வீடுகளில் அவர்கள் தங்கவைக்கப்பட்டார்கள். மொழி விளங்காத வீட்டில், முன்பின் தெரியாதவர்களின் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு குளிர்காலம் எப்படிப் போயிருக்கும் என்பதை முகாம் வாழ்க்கையைக் கண்ட எம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. குடியேற்றங்களுக்கு மன்னரின் பெயரையே வைத்தார்கள். வீபோர்க்குக்குத் தென்மேற்கே அல்ஹெட தரிசில் பிரடெறிக்ஸ்ஹெட, பிரடெறிக்ஸ்ஹொய். வைல நகருக்கு மேற்கே ரன்ட்போல் தரிசில் பிரடெறிக்ஸ்ஹோப், அதாவது 'பிரடெறிக்கின் நம்பிக்கை'. மன்னரின் நம்பிக்கைக்கும் மணலுக்கும் ஒத்துவரவில்லை. தானியம் சரியாக விளையவில்லை. வந்தவர்களில் எல்லோரும் விவசாயிகளும் அல்ல. தொழில் தெரியாதவர்கள் என்று அதிகாரிகள் பலரைத் திருப்பி அனுப்பினார்கள். பலர் சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் யூலன்ட் தரிசுகளில் மிஞ்சியவை சுமார் அறுபது குடும்பங்கள்தான்.

கிழங்கைப் பற்றி ஒரு சொல். டென்மார்க்குக்கு உருளைக்கிழங்கைக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. இவர்களுக்கு 40 ஆண்டுகள் முன்னரே, பிரடெறிசியா நகரில் குடியேறிய பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்து அகதிகளான ஹியூகனோக்கள் அதைப் பயிரிட்டார்கள். ஆனால் தரிசு மணலில் தானியம் கைவிட்டபோது வயிற்றைக் காத்தது கிழங்குதான். பெயரும் ஒட்டிக்கொண்டது.

பின்னோக்கி நடப்பது

இப்போது தேடலுக்கு வருவோம். பிரடெறிக்ஸ் பக்கத்தைச் சேர்ந்த ஒருவர் தன் மூதாதையரைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் 1760இலிருந்து தொடங்குவதில்லை. தன்னிலிருந்து தொடங்கி, தகப்பன், பாட்டன் என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் இறங்குகிறார். இடையில் ஒரு படியைத் தாவினால், அதே பெயருள்ள வேறொருவரின் குடும்பத்துக்குள் போய் விழ வேண்டி வரும்.

அவருக்கு முதலில் கைகொடுப்பது கிர்க்கபோ எனப்படும் தேவாலயப் பதிவேடு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதிவைக்கும்படி நான்காம் கிறிஸ்தியான் மன்னரின் காலத்தில், 1645 - 1646இல் கட்டளை பிறந்தது. இந்த மன்னரை நாம் அறிவோம். இவர் அனுப்பிய கப்பல்கள்தான் 1620இல் முதலில் இலங்கைக் கரைக்கும் பின்னர் தரங்கம்பாடிக்கும் வந்தன. தஞ்சை இரகுநாத நாயக்கர் இவருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கொப்பன்ஹேகனில் றிக்ஸ்ஆர்கிவ் எனப்படும் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. எந்தத் தாளையும் எறியாத நாடு இது என்று சில வேளை எமக்குத் தோன்றுவதுண்டு.

பழைய பதிவேடுகளில் பாதிரியார் தமக்குத் தோன்றியபடி எழுதினார். சில இடங்களில் தாயின் பெயரே இராது. இன்னாரின் மனைவி என்று மட்டும் இருக்கும். அதற்குப் பதிலாக ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்கள் வரிசையாக வரும். தேடுபவர்கள் இந்த வரிசையைத்தான் உன்னிப்பாகப் பார்ப்பார்கள். பிள்ளையைத் தூக்கியவர்கள் பெரும்பாலும் மாமன், மாமி, சித்தப்பன், பக்கத்து வீட்டுக்காரர். தாயின் பெயர் எழுதப்படாவிட்டாலும் தாயின் சகோதரர் அங்கே நிற்பார். அவரைப் பிடித்துத் தாயைக் கண்டுபிடிக்கலாம்.

1812 - 1814 காலத்தில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. அச்சடித்த கட்டங்களுள்ள புத்தகம் வந்தது. ஆண், பெண், திருமணம், இறப்பு, ஊருக்கு வந்தவர், ஊரைவிட்டுப் போனவர் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கங்கள். பெரியம்மைக்குத் தடுப்பூசி போட்ட திகதிக்கும் ஓர் இடம் உண்டு. அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு பதிவும் இரண்டு புத்தகங்களில் எழுதப்பட்டது. ஒன்று பாதிரியாரிடம், மற்றது உபாத்தியாயரிடம். இரண்டு புத்தகங்களும் ஓர் இரவுகூட ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்பது விதி. வீடு எரிந்தால் ஒன்றுதான் போகும்.

இந்த விதியை வாசித்தபோது எமக்கு யாழ்ப்பாணப் பொது நூலகம்தான் நினைவில் வந்தது. 1981 ஜூன் முதல் நாளை ஒட்டிய அந்த இரவில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஏட்டுச் சுவடிகளும் அதற்குள் இருந்தன. எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

பதிவேட்டுக்கு அடுத்தது குடிசன மதிப்பீடு. நாடு முழுவதிலும் பெயர் பெயராக எழுதப்பட்ட முதல் மதிப்பீடு 1787இல் நடந்தது. அடுத்தது 1801, பின்னர் 1834, 1840, 1845 என்று தொடர்கிறது. 1787ஆம் ஆண்டுத் தாளில் ஒரு வீட்டில் இருந்தவர் யார், வீட்டுக்காரருக்கு என்ன முறை, வயது என்ன, இது எத்தனையாவது திருமணம், என்ன தொழில் என்றெல்லாம் உண்டு. வாலிபனாக வந்த குடியேறி இந்தத் தாளில் கிழவனாக உட்கார்ந்திருப்பார். அவருடைய இரண்டாவது மனைவியும், முதல் மனைவியின் பிள்ளைகளும், இரண்டாவது மனைவி கூட்டிவந்த பிள்ளைகளும் ஒரே வீட்டில் இருப்பார்கள். 1845இலிருந்து பிறந்த இடமும் எழுதப்பட்டதால் அதற்குப் பிந்திய தேடல் இலகு.

இன்னும் சுவையானது ஸ்கிஃப்ட என்ற மரணச் சொத்துப் பதிவு. ஒருவர் இறந்ததும் வீட்டிலுள்ள சட்டி, பானை, கட்டில், கிழிந்த போர்வை, மாடு, கடன் எல்லாம் விலையோடு எழுதப்படும். உரித்தாளிகள் யார், எங்கே இருக்கிறார்கள் என்பதும் எழுதப்படும். விதவையோ தபுதாரனோ மறுமணம் செய்ய முன்னர் இந்தக் கணக்கு முடிய வேண்டும். ஊரை விட்டு ஓடிப்போன மகன் எந்தத் திசைக்குப் போனான் என்ற தகவல் சில வேளை இந்தக் கணக்கில்தான் அகப்படும். ஏழையின் வாழ்க்கையை இவ்வளவு விபரமாக வேறெந்தப் புத்தகமும் சொல்வதில்லை.

இப்படி இறங்கி இறங்கி 1760களுக்கு வந்ததும் தேவாலயப் பதிவேடு நின்றுவிடும். அதற்கு முன்னால் அந்தக் குடும்பம் இந்த நாட்டில் இல்லை. இங்கேதான் றென்டகமர் என்ற பழைய திறைசேரியின் காகிதங்கள் உதவுகின்றன. குடியேறிகளுக்கான செலவைக் கொடுத்தது திறைசேரி. பணம் கொடுப்பவர் கணக்கு வைப்பார். அதனால் யார் வந்தார், எத்தனை பேரோடு வந்தார், யார் தகுதியில்லை, யார் ஓடிவிட்டார் என்ற பட்டியல்கள் உண்டாயின. அந்த மக்களின் நினைவைப் பாதுகாக்க வேண்டும் என்று எந்த அதிகாரியும் நினைக்கவில்லை. செலவுக்குக் கணக்குக் காட்டத்தான் எழுதினார்கள். இன்று அந்தக் கணக்குத்தான் ஒரு குடும்பத்தின் முதல் பக்கம்.

அந்தப் பட்டியலில் ஊர்ப் பெயர் கிடைத்தால் ஜேர்மனிக்குப் போகலாம். அங்கேயும் தேவாலயப் பதிவேடுகள் உண்டு. பல ஜேர்மன் சிற்றரசுகளில் குடியானவர்கள் பிரபுவுக்குக் கட்டுப்பட்டவர்களாக இருந்தபடியால், ஊரைவிட்டுப் போகப் பணம் கட்டி விடுதலைப் பத்திரம் எடுக்க வேண்டும். அந்தப் பத்திரப் பதிவும் சில இடங்களில் எஞ்சியிருக்கிறது. களவாகப் போனவருக்கு அது இராது. எமது விமானப் பயணங்களை நினைத்துப் பார்த்தால் அதிலும் புதுமையில்லை.

பெயர் என்ற பொல்லாப்பு

தேடுபவரைக் கூடுதலாக அலைக்கழிப்பது பெயர்தான். அக்கால ஜேர்மன் குடும்பங்களில் ஆண் பிள்ளைகள் எல்லோருக்கும் யொகான் என்று முதற்பெயர் வைப்பது வழக்கம். யொகான் பீற்றர், யொகான் ஆடம், யொகான் கியோர்க் என்று ஒரு வீட்டில் மூன்று சகோதரர் இருப்பார்கள். வீட்டில் கூப்பிடுவது இரண்டாவது பெயரால். அது தெரியாமல் யொகானைத் தேடினால் ஆள் குழம்பிப்போவார். எமது ஊரில் பதிவுப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் வேறொன்று என்று இருப்பதுபோலத்தான். ராசன், சின்னவன், குஞ்சு என்று ஊரே அறிந்தவரின் பெயர் மரண அறிவித்தலில் வரும்போதுதான் உண்மைப் பெயர் தெரியவருகிறது.

அடுத்தது டெனிஷ் காது. பாதிரியார் கேட்டதை எழுதினார். கியோர்க் என்பவர் யோர்கன் ஆனார், ஹைன்ரிஹ் என்பவர் ஹென்ரிக் ஆனார். குடும்பப் பெயர் ஒரு பக்கத்தில் ஒரு விதமாகவும் அடுத்த பக்கத்தில் இன்னொரு விதமாகவும் இருக்கும். எழுத்து கோதிக் கையெழுத்து. இன்றைய டெனிஷ் பிள்ளைகளுக்கே அது விளங்காது. ஆகவே பெயரின் எழுத்தைத் தேடாதீர்கள், வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து ஓசையைத் தேடுங்கள் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வார்கள்.

டெனிஷ்காரரிடமும் ஒரு சிக்கல் இருந்தது. ஹான்ஸ் என்பவரின் மகன் ஹான்சன், அவருடைய பெயர் நீல்ஸ் என்றால் அவருடைய மகன் நீல்சன். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறும். நிரந்தரக் குடும்பப் பெயர் வைக்கும்படி 1828இல் கட்டளை வந்தும் கிராமங்களில் பழைய வழக்கம் இலகுவில் போகவில்லை. நிலையான குடும்பப் பெயரோடு வந்த ஜேர்மானியர் இந்த விடயத்தில் தேடுவோருக்குப் புண்ணியம் செய்தவர்கள்.

எங்களுடைய நிலைமையைப் பாருங்கள். கந்தையாவின் மகன் சிவலிங்கம் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஊரில் அவர் க. சிவலிங்கம். கந்தையா அவருடைய தகப்பனின் பெயர், குடும்பப் பெயர் அல்ல. இங்கே வந்ததும் பத்திரத்தில் கடைசியில் நிற்கும் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்தார்கள். சிவலிங்கம் குடும்பப் பெயரானது. மனைவி சிவலிங்கம், பிள்ளைகள் சிவலிங்கம், இனிப் பேரப்பிள்ளைகளும் சிவலிங்கம். அவருடைய தம்பி தனது சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராக்கிக்கொண்டு ஓகுஸ் நகரில் இருக்கிறார். தங்கை கணவனின் பெயரோடு ஓடென்சவில் இருக்கிறார். தகப்பன் பின்னர் வந்து சேர்ந்தபோது அவருக்கு அவருடைய தகப்பனின் பெயர் வந்தது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மூவருக்கும் தகப்பனுக்கும் நான்கு குடும்பப் பெயர்கள். நூறு வருடத்துக்குப் பிறகு இவர்கள் ஒரே குடும்பம் என்பதை எந்தப் பதிவேடு சொல்லப்போகிறது?

போனவர்களைத் தேடுபவர்கள்

யூலன்டில் நின்றவர்கள் கொஞ்சப் பேர், போனவர்கள் கூட என்றோம். 1763 ஜூலையில் ரஷ்யப் பேரரசி கதரின் வெளிநாட்டுக் குடியேறிகளை அழைத்துப் பிரகடனம் வெளியிட்டார். டென்மார்க் தரிசில் ஏமாந்த பல குடும்பங்கள் அந்த அழைப்பை ஏற்று வொல்கா நதிக்கரைக்குப் போயின. நூறு வருடங்கள் கழித்து, 1870களிலிருந்து, அவர்களுடைய சந்ததியினரில் ஒரு பகுதி அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் புறப்பட்டது. அங்கேயே நின்றவர்களை 1941இல் ஸ்டாலினின் அரசு சைபீரியாவுக்கும் கஸக்ஸ்தானுக்கும் நாடுகடத்தியது. இன்று அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் தன் மூதாதையரைத் தேடிக்கொண்டு வொல்காவுக்கு வந்து, அங்கிருந்து யூலன்டுக்கு வந்து, இங்கே திறைசேரிப் பட்டியலில் ஓரிரு ஆண்டுகள் மட்டுமே தங்கிய ஒரு பெயரைக் கண்டு, அதில் எழுதப்பட்ட ஊரைப் பிடித்துக்கொண்டு ஹெசனுக்குப் போகிறார். டென்மார்க் அவருடைய குடும்பத்தில் ஒரு தங்குமடம் மாத்திரமே. ஆனால் அந்தத் தங்குமடத்தின் காகிதம் இல்லாவிட்டால் கதை தொடர்பற்றுப் போயிருக்கும்.

டென்மார்க்கில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு லண்டனுக்குப் போய்விட்ட எம்மவர் எத்தனை குடும்பங்கள்! அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒருநாள் ஸ்ட்றூவர், கிறின்ஸ்ரெட் என்ற ஊர்ப் பெயர்களை ஏதோ பழைய சான்றிதழில் கண்டு, இது எங்கே இருக்கிறது என்று கேட்கக்கூடும்.

நின்றவர்களின் கதையையும் சொல்ல வேண்டும். பிரடெறிக்ஸ் தேவாலயத்தில் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஜேர்மன் மொழியில் வழிபாடு நடந்தது. பல தலைமுறைகள் தமக்குள்ளேயே சம்பந்தம் செய்தார்கள். பிறகு டெனிஷ் வந்தது, ஜேர்மன் போனது. இன்று அந்தக் குடும்பங்களில் வீட்டு மொழியாக ஜேர்மன் இல்லை. மூதாதையரைத் தேடும் பேரன் அவர் எழுதிய கடிதத்தை அகராதியோடு வாசிக்கிறார். நாம் இங்கு வந்து நாற்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆனால் அப்பம்மாவின் கடிதத்தை வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எமது வீடுகளிலேயே ஏற்கெனவே இருக்கிறார்கள்.

எமது காகிதங்கள்

இங்கே பலர் அறியாத ஒரு விடயத்தைச் சொல்லிவிடுகிறோம். டென்மார்க்கில் பிறப்பைப் பதிவது இன்றும் தேவாலய அலுவலகம்தான். தென் யூலன்டில் மட்டும் அது கொம்யூனின் வேலை. சைவப் பிள்ளையாக இருந்தாலும், முஸ்லிம் பிள்ளையாக இருந்தாலும், பிறப்புப் பதிவாவது அங்கேதான். ஹேர்னிங்கில் பிறந்த தமிழ்ப் பிள்ளையின் பெயர் கிர்க்கபோவில் இருக்கிறது. இப்போது அது கணினியில் உள்ளதே தவிர, 1766ஆம் ஆண்டுப் பிரடெறிக்ஸ் பதிவேட்டின் தொடர்ச்சிதான் அது. எனவே இங்கே பிறந்த பிள்ளைகளைப் பற்றிக் கவலையில்லை. கவலை எல்லாம் வந்தவர்களைப் பற்றித்தான். எமது முதற்பக்கம் இங்கே இல்லை.

அது எங்கே இருக்கிறது? ஒரு பகுதி இங்குள்ள அரசாங்கக் கோப்புகளில். அகதி விண்ணப்பத்தின்போது கொடுத்த வாக்குமூலம், குடும்ப இணைவு விண்ணப்பம், இணைத்த பிறப்புச் சான்றிதழின் பிரதி எல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும். தனது சொந்தக் கோப்பைப் பார்க்கக் கேட்கும் உரிமை இந்த நாட்டில் உண்டு. அதற்கு அக்ட்இன்ட்சிக்ட் என்று பெயர். அரசின் காகிதம் என்ன செய்யும் என்பதை எமது சமூகம் கண்டிருக்கிறது. 1987 செப்டெம்பரில் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன் இலங்கைத் தமிழரின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். மனைவி பிள்ளைகளுக்காக இங்கே காத்திருந்தவர்களின் ஆண்டுகள் அப்படிப் போயின. அது சட்டவிரோதம் என்பதை வெளியே கொண்டுவந்தவை அமைச்சின் சொந்தக் காகிதங்களும் அதிகாரிகளின் சாட்சியங்களுமே. விசாரணை அறிக்கை வந்ததும் 1993 ஜனவரியில் பவுல் ஸ்லூட்டர் அரசு பதவி விலகியது. 1995 ஜூனில் அமைச்சர்களை விசாரிக்கும் விசேட நீதிமன்றம் நின்-ஹன்சனுக்கு 4 மாத ஒத்திவைத்த சிறைத் தண்டனை விதித்தது. அந்த விண்ணப்பங்களில் பெயர் உள்ளவர்கள் இப்போது பாட்டன் பாட்டிகள். தமது பெயர் ஒரு நாட்டின் வரலாற்றுக் கோப்பில் இருப்பது அவர்களில் சிலருக்கே தெரியாது.

மறு பகுதி ஊரில். பிறப்பு, விவாகப் பதிவுகளை விட, காணி உறுதியைப் பாருங்கள் என்று நாம் சொல்வோம். சீதன உறுதி, நன்கொடை உறுதி என்று பெட்டகத்தில் கிடக்கும் பழைய தாள்களில், காணி யாரிடமிருந்து யாருக்கு எந்த ஆண்டு வந்தது என்று பேரனார், பூட்டனார் பெயர் வரை இருக்கும். நொத்தாரிசு எழுதிய அந்த நீண்ட வசனங்களை நாம் பொறுமையின்றிப் புரட்டிவிடுகிறோம். 'தோம்பு' என்ற சொல்லும் அதில் வரும். அது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயர். வரி எடுக்க எழுதிய கணக்கு அதுவும். பெண் வழியாகச் சொத்துப் போகும் வழக்கத்தால் எமது உறுதிகளில் தாய், பாட்டி, பூட்டி பெயர்கள் முழுதாக உண்டு. டெனிஷ் பதிவேட்டில் தாயின் பெயரைத் தேடி அலைபவர்கள் கண்டால் பொறாமைப்படுவார்கள்.

சாதகக் குறிப்பையும் எறியாதீர்கள். நம்பிக்கை இருக்கலாம், இல்லாமல் இருக்கலாம். பிறந்த நாளும் நேரமும் அதில் இருக்கும். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்த குடும்பங்களுக்கு அதுவே எஞ்சிய ஒரே எழுத்தாகவும் இருக்கலாம். தேவாலயத்தைச் சேர்ந்த குடும்பங்களுக்கு ஊர்க் கோயில் ஞானஸ்நானப் பதிவேடும் உண்டு.

வேலை தொடங்குகிறவர்கள் பெரிய மரம் வரையப் புறப்பட வேண்டாம். ஒரு கொப்பியை எடுங்கள். வீட்டில் வயதில் மூத்தவரிடம் போங்கள். அவருடைய பதிவுப் பெயர், வீட்டுப் பெயர், இங்கே வைக்கப்பட்ட குடும்பப் பெயர் மூன்றையும் எழுதுங்கள். தகப்பன், தாய், இருவரின் பெற்றோர், ஒவ்வொருவரின் ஊர், குறிச்சி, வளவின் பெயர். தமிழிலும் எழுதுங்கள், லத்தீன் எழுத்திலும் எழுதுங்கள். படங்களின் பின்பக்கத்தில் யார், எங்கே, எந்த ஆண்டு என்று பென்சிலால் குறியுங்கள். பேனை மை படத்தின் முன்பக்கத்துக்கு ஊறிவிடும். 'இடமிருந்து வலம்' என்று எழுத மறக்க வேண்டாம். பத்துப் பேர் நிற்கும் கலியாணப் படத்தில் பெயர் மட்டும் இருந்தால் யார் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. எழுதிய கொப்பிக்கு ஒரு பிரதி எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். கிர்க்கபோ விதி!

டென்மார்க்கின் அநேக ஊர்களில் லொகால்ஆர்கிவ் எனப்படும் உள்ளூர்க் காப்பகம் உண்டு. சாதாரண குடும்பங்களின் கடிதம், படம், சங்கங்களின் கூட்டக் குறிப்பு ஆகியவற்றை அவை பெற்று வைக்கின்றன. தமிழ்ச் சங்கங்கள் தமது பழைய கோப்புகளை எறிய முன்னர் அங்கே ஒரு வார்த்தை கேட்கலாம். பாரும் நகரில் 2012இல் திறக்கப்பட்ட குடியேறிகள் அருங்காட்சியகம் இந்த நாட்டுக்கு வந்தவர்களின் கதையையே தன் பொருளாகக் கொண்டது. உருளைக்கிழங்கு ஜேர்மானியரின் பதிவேடுகளைப் பார்க்க விரும்புவோர் றிக்ஸ்ஆர்கிவின் இணையத் தளத்தில் தேவாலயப் பதிவேடுகளையும் குடிசன மதிப்பீடுகளையும் பணம் கட்டாமல் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் குடியேற்றம் பற்றி எழுதச் சொன்னால், பிள்ளைகளுக்கு இது நல்ல விடயம். 1787இல் பிரடெறிக்ஸ் பகுதியில் ஒரு வீட்டைத் தெரிந்தெடுத்து, அதே வீட்டை 1801இலும் தேடிப்பார்க்கச் சொல்லுங்கள். யார் வளர்ந்தார், யார் இறந்தார், யார் காணாமற்போனார் என்று அவர்களே சொல்வார்கள்.

உங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் எழுதிவைத்த வம்சக் குறிப்போ, பழைய உறுதியோ, ஊரிலிருந்து கொண்டுவந்த பதிவுத் துண்டோ இருந்தால் எமக்கு அறியத் தாருங்கள். வரும் இதழ்களில் அவற்றை எப்படி வாசிப்பது என்று எழுத விரும்புகிறோம். நிழற்பிரதியை மட்டும் அனுப்புங்கள், மூலப் பத்திரம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.